அறுத்த குழலும் பிறந்த குழலும்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பழம்பொருள் சேகரிப்பவர்கள் கூடும் மேடை இது. இங்கே நாணயம் பேசியாயிற்று, அஞ்சல்தலை பேசியாயிற்று, சாவி கொடுக்கும் கைக்கடிகாரமும் பேசியாயிற்று. இன்று ரிவால்வரைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் ஒரே ஒரு வகை: உடல் பெரிது, குழல் குட்டை. அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இந்த வகையில் நல்லது ஒன்று கண்ணில் பட்டால் லேசில் விடமாட்டார்கள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது மனிதனைச் சுடுவதற்கென்றே செய்த பொருள். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை சார்லஸ் கிட்டோ சுட்டது புல்டாக் என்ற குட்டைக் குழல் ரிவால்வரால்தான். பர்மிங்ஹாமின் வெப்லி கம்பெனி 1872-இல் தொடங்கிவைத்த வகை அது. கோட்டுப் பைக்குள் அடங்கும் உடல், அதற்குள் பருத்த தோட்டா. கார்ஃபீல்ட் இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்து செப்டம்பர் 19-இல் இறந்தார். அந்த ரிவால்வர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய், பிறகு காணாமல் போயிற்று. இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அழகை மட்டும் பேசுகிற சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எதற்காகச் செய்தார்கள் என்பதை மறந்துவிட்டால், ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதும் புரியாமல் போய்விடும்.

நான் கடைசல் பட்டறையில் தொழில் பழகியவன். சுடுவதில் எனக்கு நாட்டம் குறைவு. இரும்பை அரத்தால் ராவி, பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடுக்கு பார்த்து, மறுபடியும் ராவிய கைவேலைதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

பெரிய உடல் என்றால் என்ன? குழல், தோட்டாக்களை வைத்துச் சுழலும் சிலிண்டர், விசை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தை ஃபிரேம் என்கிறார்கள். தோட்டா பருத்தால் சிலிண்டர் பருக்கும். சிலிண்டர் பருத்தால் ஃபிரேமும் பெருத்தாக வேண்டும். கோல்ட் கம்பெனி 1898-இல் நியூ சர்வீஸ் என்ற பெரிய ரிவால்வரைக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1908-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி தன் பெரிய ஃபிரேமோடு வந்தது. .44 ஸ்பெஷல் என்ற புதுத் தோட்டாவுக்காகச் செய்தது. அந்தக் கம்பெனியின் ஃபிரேம்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர்: சின்னது ஜே, நடுத்தரம் கே, பெரியது என். சேகரிப்பாளர்கள் ‘என்-ஃபிரேம்’ என்று சொல்லும்போது குரலே மாறிவிடும்.

அந்த முதல் மாடலை ட்ரிபிள் லாக் என்பார்கள். சிலிண்டரை வெளியே தள்ளித் தோட்டா நிரப்பி மூடினால், அது மூன்று இடத்தில் பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் ஒன்று, வெற்றுத் தோட்டாக் கூடுகளைத் தள்ளும் எஜெக்டர் கம்பியின் முனையில் ஒன்று, சிலிண்டரைத் தாங்கும் கிரேன் வந்து ஃபிரேமில் படியும் இடத்தில் மூன்றாவது. இந்த மூன்றாவது பூட்டு ஒரு சின்னத் துண்டு எஃகு. அதன் முகம் ஒரு முடியளவு தவறினாலும் ஒன்று பூட்டாது, அல்லது திறக்காது. ஒவ்வொரு ரிவால்வருக்கும் தனித்தனியாகக் கையால் பொருத்த வேண்டிய வேலை. தொழில் தெரிந்தவன் அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. 1915 வரை பதினைந்தாயிரத்துச் சொச்சம் செய்தார்கள். விலை 21 டாலர். பிறகு மூன்றாவது பூட்டையும் எஜெக்டர் கம்பியின் உறையையும் எடுத்துவிட்டு, அடுத்த மாடலை 19 டாலருக்கு விற்றார்கள். போர்க்களச் சேறு அந்த உறைக்குள் அடைத்துக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் குறை இருந்தது. கணக்குப் பார்த்தால் கம்பெனி செய்தது சரிதான். ஆனால் அந்த இரண்டு டாலர் வேலைக்காகத்தான் இன்று ட்ரிபிள் லாக்கைத் தேடி அலைகிறார்கள்.

இப்போது குழலுக்கு வருகிறேன். பெரிய ஃபிரேமுக்கு ஐந்து அங்குலம், ஆறரை அங்குலம் என்றுதான் குழல் போடுவது வழக்கம். குழல் நீண்டால் குண்டின் வேகம் கூடும், குறி பார்ப்பதும் எளிது. குட்டையாக்கினால் இரண்டும் குறையும். எரிந்து தீராத மருந்து குழல் வாய்க்கு வெளியே தீப்பந்தாக வெடிக்கும், சத்தம் காதைப் பிளக்கும். இத்தனை நஷ்டத்தையும் தெரிந்துகொண்டே ஒருவர் குட்டைக் குழல் கேட்டார் என்றால், அவருக்கு அப்படியொரு தேவை இருந்திருக்கிறது. நீளக் குழல் கடையில் அடுக்கி வைத்து யார் வந்தாலும் விற்கிற சரக்கு. குட்டைக் குழலுக்குப் பின்னால் கேட்டு வாங்கிய ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளின் முடிவு இரும்பில் பதிந்திருக்கிறது. சேகரிப்பாளர் காசு கொடுப்பது அந்தப் பதிவுக்குத்தான் என்பது என் கட்சி.

இதற்கு ஒரு உதாரணம் போதும். 1930-களின் அமெரிக்காவில் கள்ளச் சாராயக்காரர்களும் வங்கிக் கொள்ளையர்களும் காரில் வந்து காரில் தப்பினார்கள். போலீஸின் சாதாரண .38 தோட்டா காரின் தகட்டைத் துளைக்கத் திணறியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1930-இல் என்-ஃபிரேமிலேயே வலுவான .38 தோட்டாவுக்கு ஹெவி டியூட்டி என்ற ரிவால்வரைச் செய்தது. அதற்கு அடுத்த படிதான் 1935-இல் வந்த .357 மேக்னம். கம்பெனியின் டக்ளஸ் வெஸ்ஸன், துப்பாக்கி எழுத்தாளர்கள் ஃபிலிப் ஷார்ப், எல்மர் கீத் மூவரின் பெயரும் இதில் அடிபடும். தோட்டா வின்செஸ்டர் கம்பெனியுடையது. முதல் ரிவால்வர் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போயிற்று.

இதை விற்ற முறைதான் விசேஷம். குழல் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் அங்குலம் வரை, கால் கால் அங்குலமாக எந்த நீளம் வேண்டுமானாலும் கேட்கலாம். குறிக் காட்டி எது வேண்டும், கைப்பிடி எது வேண்டும் என்று வாங்குபவரே சொல்வார். செய்து முடித்ததும் ஒரு பதிவு எண்ணை உள்பக்கம் பொறிப்பார்கள். வாங்கியவர் கேட்டு எழுதினால் கம்பெனியிடமிருந்து சான்றிதழ் வரும். அதனால்தான் ரெஜிஸ்டர்ட் மேக்னம் என்று பெயர். விலை 60 டாலர். பொருளாதார மந்தத்தில் நாடே தவித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படியும் ஆர்டர்கள் குவிந்தன. 1930-களின் முடிவில் பதிவு முறையை நிறுத்தும்போது சுமார் 5,500 விற்றிருந்தன.

அதிகாரிகள் பலர் கேட்டது மூன்றரை அங்குலம். காரணம் எளிது. நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு நீளக் குழல் இருக்கையில் இடிக்கும். அவசரத்தில் உறையிலிருந்து உருவ வராது. மூன்றரை அங்குலக் குழல் இடுப்பில் அடங்கும். ஜெனரல் ஜார்ஜ் பாட்டனும் 1935-இல் மூன்றரை அங்குலமே வாங்கினார். தந்தக் கைப்பிடியில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பதித்து இரண்டாம் உலகப் போர் முழுக்க வைத்திருந்தார். முத்துச் சிப்பிக் கைப்பிடி என்று எழுதிய பத்திரிகைக்காரர்கள் மீது அவருக்குக் கோபம் வந்தது ஊரறிந்த கதை.

அப்படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எடை ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் நீளக் குழல் ரிவால்வரைப்போல முன்பக்கம் இழுக்காது. பாரம் முழுக்கக் கைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் பார்த்தால் சிலிண்டர்தான் உருவத்தையே ஆள்கிறது. எஜெக்டர் கம்பியின் உறை கிட்டத்தட்ட குழல் வாய் வரை வந்து நிற்கிறது. மிச்சம் மீதி என்று ஒன்றும் இல்லை. ஃபிரேமின் மேல்புறத்திலும் குழலின் முதுகிலும் வெயில் பட்டுக் கண் கூசாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கூரான புள்ளிகள், ஒன்றுகூட மழுங்கவில்லை. நீலம் பாய்ச்சிய மேற்பரப்பில் என் விரல் நகம் தெரிந்தது. நீலம் என்பது மேலே பூசிய சாயம் இல்லை. இரும்பின் மேல்தோலே நிறம் மாறுவது. அடியில் மெருகு சரியாக இல்லாவிட்டால் எந்த நீலமும் இப்படிப் பளபளக்காது.

கோல்ட் கம்பெனியில் இதே காலத்தில் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு என்றொருவர் இருந்தார். எல்லோருக்கும் ஃபிட்ஸ். அவர் நியூ சர்வீஸின் குழலை இரண்டு அங்குலத்துக்குக் குறைத்து, துணியில் மாட்டாமல் இருக்க, தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் கொம்பை நீக்கி, விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக் காப்பின் முன்பாதியையும் அறுத்துவிட்டார். அப்படி இரண்டைத் தன் கால்சட்டைப் பைகளில் வைத்துக்கொண்டு திரிந்தார். விசைக் காப்பை அறுப்பது ஆபத்து. அதை யாரும் பின்பற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் ஃபிட்ஸ் ஸ்பெஷல் என்றால் சேகரிப்பாளர்களுக்குப் பெரிய மயக்கம். தொழிற்சாலைக்குள்ளேயே இருந்த கைதேர்ந்த ஒருவர் தன் மனதுக்குப் பட்டதை இரும்பில் செய்து பார்த்ததல்லவா?

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. நீளக் குழலை யார் வேண்டுமானாலும் ரம்பம் போட்டுக் குட்டையாக்கலாம். முதல் உலகப் போருக்காகச் செய்த 1917 மாடல் ரிவால்வர்கள் பின்னாளில் மலிவாகச் சந்தைக்கு வந்தபோது ஏகப்பட்டவை இப்படி அறுபட்டன. எனவே எந்தக் குட்டைக் குழலைப் பார்த்தாலும் கேள்வி ஒன்றே: இது பிறந்த குழலா, அறுத்த குழலா?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் குழலின் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் குட்டையாகவே பிறந்த குழலில் எழுத்து அந்த நீளத்துக்கு ஏற்ப அமைந்திருக்கும். அறுத்ததில் எழுத்து ஒருபக்கம் ஒதுங்கியோ நடுவில் வெட்டுப்பட்டோ நிற்கும். அடுத்து, குறி பார்க்கக் குழல் முனையில் நிற்கும் முன்குறியின் அடிப்பாகம். பித்தளைப் பற்றோ புது நீலமோ தெரிந்தால் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. குழல் வாயின் விளிம்பு வட்டம் ஒரே சீராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிறகு வரிசை எண்கள்: போருக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கைப்பிடியின் அடியில், சிலிண்டரின் பின்முகத்தில், குழலின் கீழ்ப்புறத்தில் ஒரே எண் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை எஜெக்டர் கம்பி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அந்தக் கம்பியின் முனை, குழலுக்கு அடியில் உள்ள ஒரு கொளுவியில் போய்ப் பூட்டிக்கொள்ளும். குழலை அதிகமாக அறுத்தால் கொளுவியும் சேர்ந்து போய்விடும். கம்பி அந்தரத்தில் நிற்கும். தொழிற்சாலை அதைவிடக் குட்டைக் குழல் போட்டால் கம்பியையும் குறைத்து, கொளுவியையும் பின்னுக்குத் தள்ளி வைக்கும். கோல்ட் ரிவால்வரில் கம்பியின் முன்முனை எதிலும் பூட்டுவதில்லை. ஃபிட்ஸ் தாராளமாக அறுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். போலி ஃபிட்ஸ் ஸ்பெஷல்கள் பெருகியதற்கும் அதுவே காரணம்.

1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனிலும் இதே கதை உண்டு. ஷெரிஃப் மாடல் என்று இன்று அழைக்கும் குட்டைக் குழல் வகைக்கு எஜெக்டரே கிடையாது. அதற்கென்று தொழிற்சாலை தனி ஃபிரேம் செய்தது; எஜெக்டர் குழாய் நுழையும் துளை அதில் இருக்காது. துளை இருந்தால் பிற்காலக் கைவேலை. இல்லாத ஒரு துளைக்காக ஆயிரக்கணக்கில் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால் வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த ஃபிரேமைச் செய்த நாளிலேயே அதன் குழல் குட்டை என்று முடிவாகிவிட்டது. அதற்குச் சாட்சி அந்தத் துளையில்லாத இடம்.

இரும்பு சொல்லாததைத் தாள் சொல்லும். இரண்டு கம்பெனிகளுக்கும் பழைய அனுப்புதல் பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்தத் தேதியில், எந்தக் கடைக்கு அல்லது யாருக்கு, என்ன நீளக் குழலோடு போயிற்று என்று கடிதம் வரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு ராய் ஜிங்க்ஸ் என்ற வரலாற்றாளர் நெடுங்காலம் இந்தப் பணியைச் செய்தார். பேரேட்டில் ஆறரை அங்குலம் என்று இருந்து கையில் மூன்றரை அங்குலம் இருந்தால் அதற்கு மேல் வாதமில்லை. சாதாரண ஒரு போலீஸ்காரரின் பெயரோடு வரும் கடிதம் எனக்கு ஜெனரல் பெயரைவிட நெருக்கமாகப் படும். அந்த 60 டாலரை அவர் எப்படிச் சேர்த்திருப்பார் என்று மனம் போகும்.

போருக்குப் பிறகும் இந்த வகை தொடர்ந்தது. 1957-இல் கம்பெனி மாடல் எண்கள் கொடுத்தபோது அந்த மேக்னம் மாடல் 27 ஆயிற்று. மூன்றரை அங்குலக் குழலும் கூடவே வந்தது. 1983-இல் லூ ஹார்ட்டன் என்ற விநியோகஸ்தர் .44 ஸ்பெஷலில் மூன்று அங்குல மாடல் 24-ஐக் கேட்டுச் செய்யவைத்தார். கடைக்காரர் கேட்டதும் கம்பெனி செய்தது என்பதிலும் பழைய முறையின் வாசனை இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள் கணக்கில் வரும். ஐம்பது ஆண்டு கடந்தவற்றுக்குச் சேகரிப்பாளர் உரிமம் தனியாக உண்டு. மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரும் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு இது படித்தும் அருங்காட்சியகத்தில் பார்த்தும் ரசிக்க வேண்டிய விஷயம்.

தாத்தா வைத்துப் போனது என்று யாரிடமாவது பழைய ரிவால்வர் இருந்தால், தயவுசெய்து மெருகு போடாதீர்கள், புது நீலம் பாய்ச்சாதீர்கள். தேய்ந்த நீலம் இடுப்பு உறையில் இருந்த ஆண்டுகளின் கணக்கு. சக்கரத்தில் கொடுத்து ஒருமுறை தேய்த்தால் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். பிறகு நான் சொன்ன எந்தச் சோதனையும் பலிக்காது.

பக்கத்து மேசையில் பத்துப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். சில பிறந்த குழல், சில அறுத்த குழல். எழுத்தையும் எஜெக்டர் கம்பியின் முனையையும் முதலில் பாருங்கள். எது எது என்று நீங்கள் சொல்லுங்கள், நான் கூடவே நிற்கிறேன். வணக்கம்.