மாடிப்படிக்குக் கீழே நிற்கும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல் 14ஆம் தேதியை நாடு முழுவதும் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1944ஆம் ஆண்டு இதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் போர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் அங்கேயே உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத் தீயணைப்புத் துறையினராகிய நாங்கள் ஒரு வாரம் முழுக்கப் பள்ளிக்கூடங்களிலும் ஆலைகளிலும் செயல்விளக்கம் காட்டுவோம். இந்த முறை வானொலி நிலையத்திலிருந்து அழைத்தவர்கள், கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசுங்களேன் என்றார்கள். சிலிண்டரைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருக்கிறது. வாசலில் பத்து லிட்டர் பெட்ரோலைச் சுமந்துகொண்டு நிற்கும் பைக்கைக் கண்டால்தான் யாருக்கும் பயமில்லை. அதைப் பற்றியே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் சினிமாவைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். படத்தில் பைக் கீழே விழுந்ததும் டேங்க் டமார் என்று வெடிக்கும். நிஜத்தில் டேங்குக்கு உள்ளே அது லேசில் நடக்காது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். மூடிய டேங்குக்குள் அதைவிட அடர்த்தியாக ஆவி நிறைந்திருக்கும். உள்ளே எரியப் போதுமான காற்று கிடையாது. ஆபத்தெல்லாம் டேங்குக்கு வெளியேதான். கசிந்த பெட்ரோல் நம் ஊர் வெயிலுக்கு உடனே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். பள்ளம் இருந்தால் அங்கே போய்த் தேங்கும். பொறி எங்கேயோ இருக்கும், பெட்ரோல் எங்கேயோ சிந்தியிருக்கும், நடுவில் இந்த ஆவி பாலம் போட்டுவிடும்.

சரி, கசிவு எங்கிருந்து வருகிறது? பழைய கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சாண் நீள ரப்பர் ட்யூப் இருக்கும். சில வருடங்களில் அது காய்ந்து வெடிப்பு விடும். அதை மாட்டும் கிளிப் துருப்பிடித்துத் தளரும். கார்புரேட்டருக்குள் தூசி சிக்கினால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிச் சொட்டும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கம் நம் அப்பா தலைமுறையோடு போய்விட்டது. அந்த டேப் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இன்றிரவே மூடிவிடுங்கள், காசா பணமா? 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அவற்றில் பம்பு அழுத்தம் கொடுத்து பெட்ரோலை அனுப்புகிறது. அங்கே ட்யூப் விட்டுப்போனால் சொட்டாது, பீய்ச்சும். அந்த ட்யூபுக்குப் பதிலாகக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதா ட்யூபை வெட்டி மாட்டும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று, டேங்க் நிரப்புவது. பங்க்கில் பெட்ரோல் பூமிக்கடியிலிருந்து கொஞ்சம் குளிர்ச்சியாக வருகிறது. கழுத்து வரை ஊற்றி, நேரே வெயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். இருபது டிகிரி சூடேறினால் பத்து லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 200 மில்லி விரியும். அது போக இடம் வேண்டாமா? மூடி ஓரமாக வழிந்து என்ஜின் மேல் இறங்கும். பங்க்கில் வண்டி மேல் உட்கார்ந்தபடியே, டேங்கைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு பெட்ரோல் போடுவதும் நம் வழக்கம். செல்போன் பேசாதீர் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள், பேச வேண்டாம்தான். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை, அரை அடி கீழே கொதித்துக்கொண்டிருக்கும் என்ஜின். இறங்கி நின்று போடுங்கள். குழந்தையை இறக்கித் தள்ளி நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

அடுத்து வயரிங். பைக் எரிந்தது என்று அழைப்பு வந்து போய்ப் பார்த்தால், சாம்பலுக்குள் பல நேரம் எங்களுக்குக் கிடைப்பது கம்பெனி போடாத வயர். வண்டி வாங்கிய மறுவாரமே லாரி ஹாரன், பனிக்கால விளக்கு, கலர் கலராக மின்னும் எல்இடி, செல்போன் சார்ஜர் எல்லாம் ஏறிவிடும். இருக்கிற வயரைச் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றினால் வேலை முடிந்தது. வெயிலில் அந்த டேப்பின் பசை இளகும். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் நெக் பக்கம் வயர் உரசி உரசித் தோல் உரியும். ஒருநாள் செம்பு இரும்பைத் தொடும். பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்யும் என்பார்கள். கையில் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் நொடியில் பழுத்துச் சிவந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஃபியூஸ். அது அடிக்கடி போகிறதே என்று சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுருட்டி வைக்கிறவர்களை என்ன சொல்வது! ஃபியூஸ் இரண்டாம் முறை போனால், எங்கோ வயர் உரசுகிறது என்று வண்டியே சொல்கிறது. கூடுதல் விளக்கு வேண்டுமென்றால் தனி ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸும் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான். எலியும் இந்த வேலையைச் செய்யும். பல நாள் எடுக்காத வண்டியை எடுக்கும்போது சீட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

சைலன்சர் பக்கம் வருவோம். என்ஜினிலிருந்து இறங்கும் அந்த வளைந்த குழாய் ஓடும்போது முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாவது சாதாரணம். ஓட்டி வந்த சூட்டோடு பிளாஸ்டிக் கவரைப் போர்த்தினால் கவர் உருகும், சில சமயம் பற்றும். கிராமத்து நேயர்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு விஷயம் உண்டு. அறுவடை நேரத்தில் கொள்ளுச் செடி, உளுந்துச் செடி, கேழ்வரகுத் தாள் எல்லாவற்றையும் தார்ச்சாலையில் பரப்பி விடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள் என்ற நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தாள் சக்கரத்தில் சுற்றி, சைலன்சரில் ஒட்டிக் கருகும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கார்கள் இப்படி நடுச்சாலையில் முழுசாக எரிந்திருக்கின்றன. பைக்கில் போகிறவர் கடந்ததும் ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்த்து, குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுப் போவது நல்லது. கை வைக்காதீர்கள், சுடும். மலை ரிசார்ட்டுகளில் வாடகைக்கு விடுகிறார்களே நாலு சக்கர ஏடிவி, அதிலும் இதே கதைதான். காய்ந்த புல்லில் ஓடி ஓடி சருகெல்லாம் சைலன்சர் பக்கம் சேர்ந்துவிடும். ஏறும் முன் அடியில் பாருங்கள்.

தீபாவளிக்கு வெடி எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 தீபாவளி அன்று புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பத்தில், ஸ்கூட்டரில் வைத்திருந்த நாட்டு வெடி வெடித்து ஓர் அப்பாவும் ஏழு வயது மகனும் அதே இடத்தில் இறந்தார்கள். நாட்டு வெடி உரசினாலே போதும், நெருப்பு தேவையில்லை. பாட்டிலில் பெட்ரோல் வாங்கி சீட்டுக்கடியில் வைப்பதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

விபத்தில் விழுந்த வண்டியை யாருமே தீயோடு சேர்த்து யோசிப்பதில்லை. 2025 அக்டோபர் 24 அதிகாலை, ஆந்திராவில் கர்நூல் அருகே ஒரு பைக் தடுப்பில் மோதிச் சாலையில் விழுந்து கிடந்தது. ஐதராபாத்திலிருந்து பெங்களூரு போன படுக்கைப் பேருந்து அதன் மேல் ஏறி இழுத்துக்கொண்டு போனது. பைக்கின் டேங்க் உடைந்து பெட்ரோல் கசிந்தது, தரையில் உரசிப் பொறி பறந்தது. பேருந்தில் வந்த 19 பேர் எரிந்து போனார்கள். ஆகவே சாலையில் விழுந்து கிடக்கும் பைக்கைக் கண்டால், அடிபட்டவரைப் பார்த்த கையோடு சாவியை அணையுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து வண்டியை ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டி எரிவது பற்றி. ஓடும்போது எரிந்தால் பெரும்பாலும் ஓட்டுகிறவர் இறங்கி ஓடிவிடுவார், வண்டிதான் போகும். என்னை உறங்கவிடாதது நிறுத்தி வைத்திருக்கும் வண்டி. நம் அடுக்குமாடிகளைப் பாருங்கள். தரைத்தளம் முழுக்க வண்டிகள். இடம் போதாதென்று மாடிப்படிக்குக் கீழே நான்கைந்து, ஹேண்டிலோடு ஹேண்டில் உரச. அதே சுவரில் எல்லா வீட்டுக்கும் மின்சார மீட்டர். மேலே போக, கீழே வர அந்த ஒரே படிக்கட்டு. ஒரு வண்டி பற்றினால் ட்யூப் உருகி பெட்ரோல் ஒழுகும், சரிவில் ஓடி அடுத்த வண்டிக்குப் போகும். ஸ்கூட்டர்கள் உடம்பெல்லாம் பிளாஸ்டிக். அதன் கரும்புகை ஏற மாடிப்படியைவிட நல்ல வழி கிடையாது. மூன்றாவது மாடியில் தூங்குகிறவருக்கு நெருப்பு போய்ச் சேர வேண்டியதே இல்லை, புகை போதும்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் பற்றிக்கொண்டது. ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள், மூச்சுத்திணறி. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் தீ. மேலே அறையெடுத்துத் தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே போனது. இந்த இரண்டுக்கும் பிறகு பேச்செல்லாம் பேட்டரியைப் பற்றியே இருந்தது. அது தேவைதான், மத்திய அரசும் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் வண்டி எங்கே நிற்கலாம் என்ற பேச்சு போதவில்லை. என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி. அடுக்குமாடிச் சங்கத்தினர் கேட்டுக்கொண்டிருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன் மாடிப்படிக்கு அடியைக் காலி செய்யுங்கள். மீட்டர் பலகைக்கு முன்னால் வண்டி நிற்கக் கூடாது என்று தரையில் கோடு போடுங்கள். யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டின் ஒரே வாசலை மறித்துச் சார்ஜ் போட வேண்டாம். படுக்கையறையிலும் வேண்டாம். நான்கைந்து பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடாமல், எர்த் உள்ள பெரிய பிளக்கில் நேரே போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பேட்டரி வீங்கினாலோ, ஏதோ கருகிய வாடை வந்தாலோ அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன! மூழ்கிய மின் வண்டியைக் காயவைத்துவிட்டு, ஓடுகிறதா பார்ப்போம் என்று சார்ஜ் போடுவது ரொம்பத் தப்பு. சர்வீஸ் ஆட்கள் பார்க்கும்வரை வெட்டவெளியில் தள்ளி நிறுத்துங்கள்.

அப்புறம், பற்றியே விட்டால் என்ன செய்வது. ஓடும் வண்டியில் பெட்ரோல் வாடை அல்லது புகை வந்தால் உடனே ஓரங்கட்டி, சாவியை அணைத்து, பின்னால் இருப்பவரை முதலில் இறக்கி, இருபது முப்பது அடி தள்ளிப் போய்விடுங்கள். மேட்டுப் பக்கம் போங்கள், பெட்ரோல் சரிவில்தான் ஓடும். ஆர்சி புத்தகம், டிபன் பாக்ஸ் என்று சீட்டைத் திறக்கப் போகாதீர்கள்; திறந்தால் காற்று போய்க் குப்பென்று கிளம்பும். எரியும் பெட்ரோல் மேல் குடத்துத் தண்ணீரை வீசினால் பெட்ரோல் அதில் மிதந்து தீயைப் பரப்பும். மணல், மண் நல்லது. டீக்கடையிலோ பங்க்கிலோ தீயணைப்பான் இருந்தால், அதன் பூட்டு ஊசியை (பின்) உருவி, தீயின் அடிப்பக்கத்தில் பீய்ச்சுங்கள். உயரே பறக்கும் ஜுவாலையில் அடித்துப் பயனில்லை. சின்ன உருளையில் இருக்கும் பவுடர் சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையவில்லையென்றால் விட்டுவிட்டு விலகுங்கள். லித்தியம் பேட்டரித் தீக்கு அந்தப் பவுடர் போதாது. அணைந்த மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்துக்கூட மறுபடி பற்றும். நிறையத் தண்ணீர் வேண்டும், அதை நாங்கள் கொண்டுவருகிறோம். புகை நச்சு, பக்கத்தில் நின்று படம் பிடிக்காதீர்கள். படிக்கட்டில் ஏற்கெனவே புகை நிறைந்திருந்தால் இறங்க முயலாமல், வாசல் கதவை மூடி, இடுக்கில் ஈரத் துணியைத் திணித்து, தெருப்பக்கத்து ஜன்னலில் நின்று கூப்பிடுங்கள். காற்று வராத குளியலறைக்குள் போய் அடைந்துகொள்ள வேண்டாம்.

எங்களைக் கூப்பிட 101, அல்லது 112. போனில் முதலில் தெருவையும் பக்கத்து அடையாளத்தையும் சொல்லுங்கள், பிறகு உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். எரிவது பெட்ரோல் வண்டியா மின் வண்டியா என்பதையும் சொல்லிவிட்டால் வரும்போதே அதற்கேற்பத் தயாராக வருவோம். ஒருவர் தெருமுனையில் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழி காட்டட்டும்; வாசலில் குறுக்கே நிறுத்தியிருக்கும் மற்ற வண்டிகளை அதற்குள் நகர்த்தி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.