வலசை வாத்தும் முட்டை அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்தால் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு வானத்தின் மேல்தான் கண். வலசைப் பறவை இறங்கிவிட்டதா, காக்கை எங்கேயாவது செத்து விழுந்ததா என்று விசாரிக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் 2014 நவம்பரில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி, 2016 கடைசியில் எச்5என்8 என்ற இன்னொரு வகை, 2021 ஜனவரியில் மறுபடியும் எச்5என்8. எல்லாமே வலசைக் காலம். வேம்பநாட்டுக் காயலுக்கு வலசை வருகிற ஊசிவால் வாத்தும், அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வளர்ப்பு வாத்தும் அங்கே ஒரே தண்ணீரில் இறங்குகின்றன.

காட்டு வாத்தின் குடலில் கிருமி பெருகி எச்சத்தோடு தண்ணீரில் கலக்கிறது. வாத்து பல நேரம் வாடுவதுகூட இல்லை. அதே கிருமி கோழிக்கு வந்தால் இரண்டு மூன்று நாளில் கொட்டகை காலி.

ஆனால் ஒன்று யோசியுங்கள். ஊசிவால் வாத்து உங்கள் கூண்டுக் கொட்டகைக்குள் வந்து உட்காரப் போவதில்லை. ஏரிக்கும் கொட்டகைக்கும் நடுவில் யாராவது நடந்தாக வேண்டும். சிந்திய தீவனத்துக்கு வருகிற காக்கையும் மைனாவும் நடக்கலாம். அவற்றைவிட அதிகம் நடப்பது செருப்பும், வண்டிச் சக்கரமும், முட்டை அட்டையும்.

முட்டை அட்டையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முப்பது குழி உள்ள காகித அட்டை. சந்தைக்குப் போய் நாலு பண்ணை அட்டைகளோடு கலந்து திரும்பி வருகிறது. ஒன்றைக் கையில் எடுத்துக் குழியின் அடியைப் பாருங்கள்: உடைந்த முட்டையின் மஞ்சள் காய்ந்திருக்கும், அதில் எச்சமும் ஒரு சிறகுத் தூவலும் ஒட்டியிருக்கும். அதன் மேல் கிருமிநாசினி மருந்து தெளித்தால் மேல்தோல்தான் நனையும், அழுக்குக்கு உள்ளே இருக்கிற கிருமிக்கு ஒன்றும் ஆகாது. காகிதத்தைக் கழுவவும் முடியாது. போன காகித அட்டை திரும்பி வரவே கூடாது. பிளாஸ்டிக் அட்டை என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகு மருந்தில் முக்கி, வெயிலில் காயவையுங்கள். முதலில் கழுவல், பிறகுதான் மருந்து. வாசலில் வைக்கிற கால் நனைக்கும் தொட்டிக்கும் இதே கதைதான்: சேற்றுக் காலோடு மிதித்தால் அது வெறும் சேற்றுத் தொட்டி.

மரத்தை வெட்டுவது, வெடி போட்டுப் பறவையை விரட்டுவது வேண்டவே வேண்டாம். ஓரிடத்தில் இருந்த பறவை ஊரெல்லாம் சிதறும். பறவை வருவதற்கான காரணத்தை எடுத்துவிடுங்கள். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டுங்கள். கொட்டகையைச் சுற்றி வலை கட்டுங்கள், கண் முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் சிட்டு நுழைந்துவிடும்.

குளத்துத் தண்ணீரை அப்படியே கொடுக்காதீர்கள். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் கழித்துக் குடிக்க விடுங்கள். மூட்டையைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். குடிநீரில் தடுப்பு மருந்து கொடுக்கிற நாளில் குளோரின் கூடாது, அது மருந்தையே கொன்றுவிடும்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். புறக்கடைக் கோழிக்கென்று வைத்திருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி தடுப்பூசி. இது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஊசி போடாத கோழி செத்தால் "கழிச்சல்தான்" என்று விட்டுவிடுவீர்கள். போட்ட கோழிகள் கூட்டமாகச் செத்தால் சந்தேகம் உடனே வரும். அப்போது கையால் தொடாமல், வாய்க்காலில் வீசாமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். வணக்கம்.