அர்மடில்லோ ரெஃபரன்ஸ் ஜீனோம்: மெஷினுக்கு முன்னாடியே முடிவாகுற விஷயம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒன்பது பட்டை அர்மடில்லோவுக்கு ரெஃபரன்ஸ் ஜீனோம், அதாவது எல்லாரும் ஒப்பிட்டுப் பாக்குற முழு டிஎன்ஏ வரிசை, எப்படிப் போடுறதுன்னு பாப்போம். பாக்க நம்ம ஊரு அழுங்கு மாதிரி இருக்கும், ஆனா நெருங்கின உறவெல்லாம் கிடையாது. இது ஸ்லாத், தென் அமெரிக்க ஆன்ட்ஈட்டர் குடும்பத்துப் பக்கம். ஜீனோம் சுமார் 3.6 ஜிகாபேஸ் (360 கோடி டிஎன்ஏ எழுத்து), மனுஷனோடத விடப் பெருசு. குரோமோசோம் 64.

ரொம்ப நாளா எல்லாரும் பயன்படுத்தினது பேய்லர் காலேஜ் ஆஃப் மெடிசின் பழைய சாங்கர் முறையில போட்ட அசெம்ப்ளி, அதாவது படிச்ச துண்டுகளச் சேத்து ஒட்டின வரிசை. அதுல காண்டிக் N50, அதாவது இடைவெளி இல்லாமச் சேர்ந்த துண்டுகளோட நீளத்தக் காட்டுற அளவு, சுமார் 26 கிலோபேஸ் (26 ஆயிரம் எழுத்து)தான். நீளமான ஜீன் ஒண்ணு பல துண்டாக் கிடக்கும். இப்போ வெர்டிப்ரேட் ஜீனோம்ஸ் ப்ராஜெக்ட் வழியா குரோமோசோம் அளவுக்கே வந்தாச்சு. அந்தத் தரம் வேணும்னா கவனம் முதல்ல திசு மேல இருக்கணும்.

பாலூட்டியோட சிவப்பணுவுல நியூக்ளியஸ் கிடையாது, அதனால ரத்தத்துல டிஎன்ஏ கம்மியாத்தான் வரும். மண்ணீரல் நல்லது. பட்டாணி அளவுத் துண்டா வெட்டி, சில நிமிஷத்துக்குள்ள திரவ நைட்ரஜன்ல போட்டு, அப்புறம் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்ல வைங்க. ஒருதடவ உருகிட்டா நியூக்ளியேஸ் என்சைம் டிஎன்ஏவ நறுக்கிடும். ஆண் விலங்கா எடுங்க, அப்பதான் எக்ஸ், ஒய் குரோமோசோம் ரெண்டும் கிடைக்கும்.

பாதுகாப்பு முக்கியம். அமெரிக்க நாட்டோட தெற்கு மாநிலங்கள்ல இந்த விலங்கு தொழுநோய்க் கிருமியச் சுமக்குது. உடம்புச் சூடு 32லேர்ந்து 35 டிகிரிதான், அந்தக் கிருமிக்கு அது தோது. அந்தக் கிருமியோட டிஎன்ஏவத் தேடுற ஆர்எல்இபி பிசிஆர் சோதனை பண்ணிப் பாத்துட்டு, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள்ளதான் வேலை.

டிஎன்ஏ எடுக்கும்போது வேகமாக் குலுக்குற வோர்டெக்ஸ் வேண்டாம், டிஎன்ஏ அறுந்துடும்; அகலவாய் பிப்பெட் டிப் போதும். அளவு பாக்க நானோட்ராப், க்யூபிட்னு ரெண்டு கருவி இருக்கு; நானோட்ராப் காட்டுற அளவு க்யூபிட்ட விட ரொம்ப அதிகமா இருந்தா ஆர்என்ஏ கலந்திருக்கு, ஆர்என்ஏவ நறுக்குற ஆர்என்ஏஸ் என்சைம் போட்டு மறுபடி சுத்தம் பண்ணுங்க. அப்புறம் 15லேர்ந்து 20 கிலோபேஸ் துண்டா ஷியர் பண்ணணும் (உடைக்கணும்). அதுக்கு மேல போனா பாலிமரேஸ் ஒரே மூலக்கூறப் போதுமான தடவ சுத்தி வராது, ஹைஃபை ரீட் (ஒரே துண்டப் பல தடவ படிச்சு எடுக்குற துல்லியமான வரிசை) குறையும். ரொம்பச் சின்னதாப் போனா ரிப்பீட்ட, அதாவது திரும்பத் திரும்ப வர்ற வரிசைய, தாண்டாது.

கவரேஜ், அதாவது ஜீனோம மொத்தமா எத்தன தடவ படிக்கிறோம்ங்கிறது, 30 மடங்கு வேணும், அதாவது 108 ஜிகாபேஸ். ஹைஃபை ரீட் எடுக்குற ரெவியோ மெஷின்ல ஒரு செல் (சிப்) நல்லா ஓடினா 90 ஜிகாபேஸ் பக்கம் தரும். ஒண்ணுலயே முடிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. ஹேப்லோடைப் (அம்மா, அப்பாகிட்டேர்ந்து வந்த ரெண்டு பிரதி) பிரிக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் பாதிதான் போகும், 12 மடங்குல அங்கங்க அறுந்துடும். ரெண்டு செல் போடுங்க.

கூடவே ஹை-சி, அதாவது குரோமோசோம்ல எது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு காட்டுற சோதனை. திசு பத்தலன்னா இந்த விலங்குல ஒரு அருமையான வழி இருக்கு: ஒரே கரு நாலாப் பிரிஞ்சு, ஒரே மரபணுவோட நாலு குட்டி பிறக்கும். கூடப் பிறந்ததோட திசுவையே ஹை-சிக்கு எடுத்துக்கலாம், பெரும்பாலான விலங்குகள்ல இத நம்பி இறங்க முடியாது.

ஹைஃபையாஸம்ங்கிற அசெம்ப்ளி மென்பொருள ஹை-சி மோட்ல ஓட்டி, யாஸ்ங்கிற மென்பொருள்ல ஸ்கஃபோல்ட் பண்ணினதும் (காண்டிக்குகள வரிசையாக் கோத்ததும்) வேலை முடிஞ்சதுன்னு நிறுத்திடுறாங்க. ஹை-சி வரைபடத்த ப்ரெடெக்ஸ்ட்வியூ மென்பொருள்ல திறந்து கண்ணால பாருங்க. மூலைவிட்டத்துக்குக் குறுக்க ஒரு கோடு ஓடினா அந்தத் துண்டு தலைகீழா ஒட்டியிருக்கு, திருப்பிப் போடணும். ஜிசி (டிஎன்ஏல ஜி, சி எழுத்தோட பங்கு) 58 சதவீதம் பக்கம் நிக்குற சின்னக் காண்டிக் வந்தா அது தொழுநோய்க் கிருமியான்னு சோதிங்க, அர்மடில்லோவோடது 40ஐ ஒட்டித்தான் இருக்கும். துல்லியத்த அளக்குற மெர்க்குரி மென்பொருள்ல க்யூவி (தர மதிப்பெண்) 40ன்னா பத்தாயிரம் பேஸுக்கு ஒரு பிழை. இன்னைக்கு ஹைஃபை வச்சுக்கிட்டு அதோட நிக்கக்கூடாது.

இன்னொண்ணு. இந்த ஒன்பது பட்டைக் கூட்டத்த 2024ல நாலு இனமாப் பிரிச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. அதுப்படி அமெரிக்காவுல இருக்கிறது டேசிபஸ் மெக்ஸிகானஸ். நோவெம்சின்க்டஸ்ங்கிற பேரு தென் அமெரிக்காவுக்கு மட்டும். அதனால பிடிச்ச இடத்தோட அட்ச, தீர்க்க ரேகையும் மியூசியம் வவுச்சர் (அங்க பாதுகாத்து வச்ச அந்த விலங்கோட மாதிரி) எண்ணும் இல்லாத சாம்பிள்ல ரெஃபரன்ஸ் போடாதீங்க.