இனிஷியல் வேறயா இருக்கே?

(சென்னை எழும்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1956இல் எடுத்த ஒரு கல்யாணப் போட்டோ இருக்கிறது. தாத்தா மாலையோடு நிற்கிறார். பாட்டியின் பாதி முகத்தைக் காணோம். மைக் பிடித்து வாழ்த்துரை வழங்குகிறவரின் தோள் மறைத்துவிட்டது. சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. "மந்திரமே தேவலை, சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்பார் பாட்டி.

அந்தக் கல்யாணம் அன்றைக்குச் சட்டப்படி செல்லாது. சடங்கு நடக்கவில்லை என்று இப்படிப்பட்ட ஒரு திருமணத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே 1950களில் தள்ளிவிட்டது. 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். அதைவிட முக்கியம், முன்பு நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. நாலு பிள்ளை பெற்ற பிறகு பாட்டி சட்டப்படி மனைவியானார்.

சரி, இந்தக் கதை இங்கே எதற்கு? 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது சட்டமன்றங்களின் வேலை என்றார்கள். சேர்ந்து வாழ்வதற்கான சட்ட அங்கீகாரமாவது கிடைக்குமா என்பதும் 3-2 என்று தோற்றது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி. ஆக, பந்து அரசியல்வாதிகளின் காலடியில். திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 7ஏ அப்படி வந்ததுதான். இன்றைய டெல்லி அந்த ஒப்புதலைத் தருமா என்றால், தராது என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்டுப் பார்க்கக்கூட இங்கே ஆளில்லையே! மேடைக்கு மேடை 7ஏ பெருமை பேசுகிறவர்கள், இந்தப் பேச்சு வந்ததும் தண்ணீர் டம்ளரைத் தேடுகிறார்கள்.

நம் உயர் நீதிமன்றம் கொஞ்சம் முன்னால் நடக்கிறது. 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019இல் மதுரைக் கிளை சொன்னது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று 2025இல் இன்னொரு தீர்ப்பு. மத்திய அரசும் 2024இல், இப்படி வாழும் தன்பாலின இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றது. அரிசிக்குக் குடும்பம், சொத்துக்கு அந்நியர்!

'நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது' என்கிறார்கள். தாத்தாவிடம் ஊர் சொன்னதும் அதையேதான்.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் வேளச்சேரியில் பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். போன வருஷம் ஒருவருக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போடும் தாளில் 'உறவுமுறை' என்ற இடத்தில் மற்றவர் 'அக்கா' என்று எழுதினார். நர்ஸ் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சிங்கிறீங்க, இனிஷியல் வேறயா இருக்கே?" என்றாராம்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அதான்."