பெறாத சம்மதத்துக்குக் கொடுத்த விலை: லெபனான் சிறப்புத் தீர்ப்பாயம் உருவான வரலாறு

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 2007 மே 30 அன்று நிறைவேற்றிய 1757ஆம் தீர்மானத்தில், ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சொல் உட்கார்ந்திருக்கிறது. லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரியின் கொலையை விசாரிக்கத் தீர்ப்பாயம் அமைப்பதற்காக ஐ.நா.வும் லெபனான் அரசும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தன. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை வாசகத்தில் மட்டும் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, ‘இணைக்கப்பட்ட ஆவணத்தின் விதிகள்’ ஜூன் 10 அன்று அமலுக்கு வரும் என்று எழுதினார்கள். பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்தால், ஐ.நா.வுக்கும் லெபனான் குடியரசுக்கும் இடையிலான ஒப்பந்தம் என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. தலைப்பில் ஒப்பந்தமாக இருப்பது கட்டளையில் வெறும் ஆவணமாகிப் போனதற்குப் பின்னால் ஒன்றரை ஆண்டுக்கால இழுபறி இருக்கிறது. அந்த இழுபறியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2005 பிப்ரவரி 14 அன்று நண்பகல் கடந்த வேளையில், பெய்ரூட் கடற்கரைச் சாலையில் செயின்ட் ஜார்ஜ் ஓட்டலுக்கு அருகே, ஹரீரியின் வாகன அணி வந்த நேரத்தில் வெடிமருந்து ஏற்றிய ஒரு மிட்சுபிஷி வேன் வெடித்தது. ஹரீரியும் வேறு 21 பேரும் உயிரிழந்தார்கள். 226 பேர் காயமடைந்தார்கள். அன்று லெபனானில் சிரியாவின் படைகள் நிலைகொண்டிருந்தன. அதிபர் எமில் லஹூதின் பதவிக்காலத்தைச் சிரியாவின் விருப்பப்படி நீட்டித்த விவகாரத்தில் ஹரீரிக்கும் டமாஸ்கஸுக்கும் இடையே கசப்பு முற்றியிருந்தது. ஆகவே தெருவில் இறங்கிய மக்கள் முதல் நாளிலேயே சிரியாவை நோக்கி விரல் நீட்டினார்கள். ஏப்ரல் முடிவதற்குள் சிரியப் படைகள் வெளியேறின. அயர்லாந்துக் காவல்துறை அதிகாரி பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் வந்த ஐ.நா. குழு, லெபனானின் சொந்த விசாரணையில் பெரும் குறைபாடுகள் இருப்பதாக அறிக்கை தந்தது. ஏப்ரல் 7 அன்று 1595ஆம் தீர்மானத்தின் வழியே சர்வதேச விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரிப்பதற்கு ஆணையம் கிடைத்துவிட்டது. விசாரித்து முடித்தபின் வழக்கை எந்த நீதிமன்றத்தின் முன் வைப்பது என்பதற்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்வி உலகத்துக்குப் புதியதும் அல்ல. 1934இல் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் பிரான்ஸின் மார்செய் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வரவேற்கச் சென்ற பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லூயி பார்த்துவும் அன்றே இறந்தார். சதிக்குத் தலைமை தாங்கியவர்களை ஒப்படைக்குமாறு பிரான்ஸ் கேட்டபோது, அது அரசியல் குற்றம் என்று சொல்லி இத்தாலியின் டூரின் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த மறுப்புதான் 1937இல் உலக நாடுகள் சங்கத்தின் இரண்டு உடன்படிக்கைகளுக்கு வழிவகுத்தது. ஒன்று பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கு; மற்றொன்று அத்தகைய குற்றங்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு. முதல் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்த ஒரே நாடு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியா. இரண்டாவதற்கு ஒரு நாடுகூட ஒப்புதல் அளிக்கவில்லை. கொலையைக் கண்டிப்பதில் எல்லா நாடுகளும் ஒன்றுபடும், கொலையாளியை விசாரிக்கும் அதிகாரத்தைப் பிறர் கையில் கொடுப்பதில் ஒன்றுபடாது என்பது அன்றே தெரிந்துபோன செய்தி.

லெபனானுக்கு வருவோம். 2005 டிசம்பர் 12 அன்று பத்திரிகையாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜிப்ரான் துவைனி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அன்று இரவே பிரதமர் ஃபுவாத் சினியோராவின் அமைச்சரவை, சர்வதேசத் தன்மை கொண்ட தீர்ப்பாயம் வேண்டும் என்று ஐ.நா.விடம் கேட்க முடிவு செய்தது. சிரியாவுக்கு நெருக்கமான ஹிஸ்புல்லா, அமல் இயக்கங்களைச் சார்ந்த ஐந்து ஷியா அமைச்சர்கள் அந்த முடிவை எதிர்த்து அமைச்சரவைக் கூட்டங்களைப் புறக்கணித்தார்கள். ஆனாலும் 2006 மார்ச் மாதம் எல்லாக் கட்சித் தலைவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்த தேசிய உரையாடலில், தீர்ப்பாயம் என்ற கோட்பாட்டுக்கு அனைவருமே இசைவு தெரிவித்தார்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொள்கையளவில் எதிர்ப்பு என்று அந்த நாட்டில் யாரும் வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. விவரங்களில்தான், இன்னும் சரியாகச் சொன்னால் விவரங்களைப் பேசாமல் தள்ளிப்போட்டதில்தான், தகராறு முழுவதும் நடந்தது.

அதே மாத இறுதியில் 1664ஆம் தீர்மானம் ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கப் பொதுச்செயலாளரைப் பணித்தது. ஐ.நா. சட்ட ஆலோசகர் நிகோலா மிஷெல் பேச்சுவார்த்தையை நடத்தினார். யூகோஸ்லாவியாவுக்கும் ருவாண்டாவுக்கும் செய்ததுபோல் பாதுகாப்பு அவை தன் அதிகாரத்தால் நீதிமன்றத்தைத் திணிக்கக் கூடாது, லெபனானின் சம்மதத்தோடு, லெபனான் நீதிபதிகளும் அமர்ந்து, லெபனான் குற்றவியல் சட்டத்தின்படியே விசாரணை நடக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லோருடைய சம்மதத்தையும் பெறும் பொருட்டு, வரைவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பற்களைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

மானுடத்திற்கு எதிரான குற்றம் என்ற பிரிவைச் சேர்ப்பது ஆராயப்பட்டது. பாதுகாப்பு அவையில் போதிய ஆதரவு இல்லாததால் கைவிடப்பட்டது. யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் சட்டத்தில், நாட்டின் தலைவர் என்ற பதவி ஒருவரைக் குற்றப்பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. லெபனான் தீர்ப்பாயத்தின் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. யாரை மனத்தில் வைத்து அந்த வரி விடுபட்டது என்பதை லெபனானில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். விசாரணை ஆணையத்தோடு ஒத்துழைக்கும்படி 2005 அக்டோபரில் 1636ஆம் தீர்மானம் சிரியாவைக் கட்டாயப்படுத்தியிருந்தது. தீர்ப்பாயம் என்று வந்தபோது, லெபனானைத் தவிர வேறு எந்த நாட்டுக்கும் அத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. விசாரணை ஆணையத்துக்கு இருந்த பிடி, நீதிமன்றத்துக்கு இல்லாமல் போனது. செலவும் அப்படித்தான்: 49 விழுக்காட்டை லெபனான் ஏற்க வேண்டும், மீதி 51 விழுக்காடு நாடுகள் மனமுவந்து தரும் நன்கொடை.

இத்தனை விட்டுக்கொடுத்தும் சம்மதம் கிடைத்ததா? 2006 நவம்பரில் வரைவு பெய்ரூட் வந்து சேர்ந்தவுடன் ஐந்து ஷியா அமைச்சர்களும் பதவி விலகினார்கள். அதிபருக்கு நெருக்கமான ஆறாவது அமைச்சர் ஒருவரும் அவர்களைத் தொடர்ந்தார். எஞ்சிய அமைச்சர்கள் நவம்பர் 13 அன்று வரைவை ஏற்றார்கள். ஒப்பந்தப் பேச்சு நடத்துவது அரசியலமைப்பின் 52ஆம் பிரிவின்படி தன் உரிமை என்றும், ஒரு சமூகத்தின் பிரதிநிதிகள் அனைவரும் வெளியேறிய அமைச்சரவை, சமூகங்களின் கூட்டுவாழ்வுக்கு முரணான எந்த அதிகாரமும் செல்லாது என்ற அரசியலமைப்பு முகவுரையை மீறுகிறது என்றும் அதிபர் லஹூத் வாதிட்டார். சினியோராவின் தரப்போ எண்ணிக்கையைக் காட்டியது: 24 பேர் கொண்ட அமைச்சரவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தால்தான் அரசு கலையும், போனவர்கள் ஆறு பேர்.

அந்த எண்ணிக்கையே உயிர்களுக்கு உலை வைத்தது என்று லெபனானில் பலர் அஞ்சினார்கள். பாதுகாப்பு அவை வரைவுக்கு இசைவு தெரிவித்த அதே நவம்பர் 21 அன்று, தொழில்துறை அமைச்சர் பியர் ஜெமாயெல் பட்டப்பகலில் காரில் செல்லும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு ஏழானது. தீர்ப்பாயம் வேண்டும் என்று வாக்களித்த ஒவ்வொருவரும் தம் தலையையும் ஓர் எண்ணாகப் பார்க்க வேண்டிய நிலை. அந்த மேசையில் உட்கார்ந்து, நான்கு நாள் கழித்து அதே வரைவை மீண்டும் நிறைவேற்றியவர்களின் துணிவை, அவர்களுடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு இருக்கிறதா என்பதற்கு அப்பால், நான் மதிக்கிறேன்.

இதற்குப்பின் பிடி நாடாளுமன்றத்துக்கு மாறியது. ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதைக் கூட்டும் அதிகாரம் சபாநாயகரும் அமல் இயக்கத் தலைவருமான நபீஹ் பெர்ரிக்கு உண்டு. செல்லாத அமைச்சரவை அனுப்பிய வரைவை ஏற்கமாட்டேன் என்று அவர் கூட்டத்தைக் கூட்டவில்லை. டிசம்பர் 1 முதல் பெய்ரூட்டின் மையப்பகுதியில் எதிர்க்கட்சியினர் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். அமைச்சரவையில் முடக்கும் அளவுக்கு இடம், அதாவது மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேல் ஒன்றும், தந்தால் தீர்ப்பாயத்தைப் பேசலாம் என்பது அவர்கள் நிலை. முதலில் தீர்ப்பாயம், பிறகு இடம் என்பது ஆளும் தரப்பின் நிலை. வரைவில் எந்த விதி தங்களுக்கு ஏற்கவில்லை என்பதை எதிர்த்தரப்பு முறைப்படி எழுதித் தரவில்லை. நீதி, பேரத்தில் ஒரு சீட்டானது. 2007 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஐ.நா.வுக்கு மனு எழுதினார்கள்; மே மாதம் சினியோரா, உள்நாட்டு வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன, தீர்ப்பாயத்தை நீங்களே நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்று பொதுச்செயலாளர் பான் கி மூனுக்குக் கடிதம் அனுப்பினார்.

பாதுகாப்பு அவையில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் தீர்மானத்தை முன்னின்று நடத்தின. ஹரீரியின் நெருங்கிய நண்பரான பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக் அம்மாத நடுவில்தான் பதவியைவிட்டு இறங்கியிருந்தார். பிரான்ஸின் வேகம் அதனால் குறையவில்லை. வாக்கெடுப்பில் பத்து நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா, தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, கத்தார் ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அவையில் இருந்த ஒரே அரபு நாடு கத்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரு தரப்புக்கிடையிலான ஒப்பந்தத்தை ஒரு தரப்பின் முடிவால் மட்டும் அமலுக்குக் கொண்டுவர முடியாது என்றார் ரஷ்யத் தூதர் விட்டாலி சுர்கின். உள்நாட்டு அரசியலமைப்பைத் தாண்டிச் செல்லும் முன்மாதிரி உருவாகிறது என்று சீனா கவலை தெரிவித்தது. இந்த வாதங்களை அந்த நாடுகளின் நலன்களோடு சேர்த்து ஒதுக்கித் தள்ளுவது எளிது. ஆனால் சட்ட வாதமாகப் பார்த்தால் சுர்கின் சொன்னதில் பிழையில்லை என்பது என் கருத்து. கட்டளை வாசகத்தில் ‘ஒப்பந்தம்’ போய் ‘ஆவணத்தின் விதிகள்’ வந்ததே அந்த வாதத்துக்கு ஈடுகொடுக்கத்தான் என்று நான் படிக்கிறேன். அமலுக்கு வருவது ஒப்பந்தமாக இருந்தால் லெபனானின் ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பு அவையின் சொந்த விதிகளாக இருந்தால், நாடுகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அவைக்குத் தரும் ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயம் போதும்.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தின் அதிகாரத்தைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்தபின், அந்த அதிகாரத்துக்குத் தகுந்த வாசகத்தை ஏன் எழுதவில்லை? சம்மதம் பெறுவதற்காகத்தான் விதிகளை மெலியச் செய்தார்கள். சம்மதம் வரவில்லை. வராத சம்மதத்துக்காகச் செய்த விட்டுக்கொடுப்புகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே கட்டளையின் முத்திரையைக் குத்தினார்கள். ஆகவே தீர்ப்பாயத்துக்கு ஒப்பந்தத்தின் நல்லெண்ணமும் கிடைக்கவில்லை, கட்டளையின் வலிமையும் கிடைக்கவில்லை. வாசகத்தை மாற்றினால் ரஷ்யா வீட்டோவைப் பயன்படுத்தியிருக்கும் என்று பதில் சொல்வார்கள். அது நியாயமான பதில்; ஒதுங்கி நின்ற அந்த ஐந்து வாக்குகளின் விலை அதுதான்.

2009 மார்ச் 1 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு அருகே லீட்ஷெண்டாமில் தீர்ப்பாயம் திறந்தது. 2011 ஜனவரியில், குற்றப்பத்திரிகை வரப்போகிறது என்ற நிலையில், தீர்ப்பாயத்திலிருந்து லெபனான் விலக வேண்டும் என்ற கோரிக்கையின்மேல் ஹிஸ்புல்லாவையும் அதன் கூட்டாளிகளையும் சார்ந்த 11 அமைச்சர்கள் பதவி விலகி, கொல்லப்பட்டவரின் மகன் சாத் ஹரீரியின் அரசையே கவிழ்த்தார்கள். அவர் அந்நேரம் வாஷிங்டனில் அமெரிக்க அதிபரைச் சந்தித்துக்கொண்டிருந்தார். தீர்ப்பாயம் சட்டப்படி அமைந்ததா என்று எதிர்வாதத் தரப்பு 2012இல் எழுப்பிய கேள்விக்கு, பாதுகாப்பு அவையின் முடிவை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று மேல்முறையீட்டு அமர்வு சொல்லிவிட்டது. சுர்கினின் வாதத்துக்கு அந்த அமர்வின் பெரும்பான்மை ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லாமலே கோப்பு மூடப்பட்டது.

2014 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது, கடற்கரைச் சாலையின் சிறு மாதிரி ஒன்றை நீதிமன்ற அறையின் நடுவே வைத்திருந்தார்கள். கட்டடங்களும் வெடிப்பு நடந்த இடமும் அளவு குறைத்து அதில் இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. 297 சாட்சிகள், 2,600 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பு. 2020 ஆகஸ்ட் 18 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, ஹிஸ்புல்லாவைச் சார்ந்த சலீம் அய்யாஷ் ஒருவரைக் குற்றவாளி என்றது. ஹிஸ்புல்லா தலைமையின் தொடர்புக்குச் சான்று இல்லை, சிரியாவின் தொடர்புக்கு நேரடிச் சான்று இல்லை என்றும் சொன்னது. 2022இல் மேல்முறையீட்டில் இன்னும் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்கு ஒருவரும் கொண்டுவரப்படவில்லை.

ஹரீரி கொலையோடு தொடர்புடைய வேறு மூன்று தாக்குதல்களின் வழக்கு 2021 ஜூன் 16 அன்று தொடங்க இருந்தது. அந்தத் தாக்குதல்களில் ஒன்றில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஜார்ஜ் ஹாவி கொல்லப்பட்டிருந்தார். மற்ற இரண்டில் அரசியல்வாதிகளான மர்வான் ஹமாதேயும் எலியாஸ் முர்ரும் உயிர் தப்பியிருந்தார்கள். பதினாறு ஆண்டுகள் காத்திருந்த அந்தக் குடும்பங்களுக்கு, விசாரணைக்கு இரு வாரம் முன்னால் செய்தி வந்தது. லெபனானின் பொருளாதாரம் சரிந்துவிட்டது. 49 விழுக்காடு வரவில்லை. 51 விழுக்காட்டை மனமுவந்து தர வேண்டிய நாடுகளிடமிருந்தும் போதிய பணம் வரவில்லை. விசாரணை ரத்து செய்யப்பட்டது. 2023 டிசம்பர் 31 அன்று தீர்ப்பாயமும் மூடப்பட்டது. அந்த வழக்கு ஒரு நாள்கூட விசாரணைக்கு வரவில்லை.