மூச்சு முட்டுவது எதனால்?

(குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் வாசகசாலையில், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்மாரே, அக்காமாரே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் என் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேலை செய்வோம். மூச்சை நன்றாக இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

சரி, முக்கால் நிமிஷத்துக்குள் பாதிப் பேர் விட்டுவிட்டீர்கள். ஏன் விட்டீர்கள்? “ஆக்சிஜன் தீந்துபோச்சு டீச்சர்” என்கிறான் இந்தத் தம்பி. வகுப்பில் வருடக்கணக்காக நான் கேட்ட பதிலும் இதுதான். ஆனால் தீரவில்லை, மக்களே. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு கருவி, அதை இப்போது மாட்டியிருந்தால் எண் 97, 98 என்று ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். உங்களுக்கு மூச்சு முட்டியது வேறொன்றால். அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த ஊரில் சிப்பிக்கு முங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். என் சித்தப்பாவும் முங்கினவர்தான்.

முதலில் காற்று எப்படி உள்ளே போகிறது? ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றை யாரும் இழுப்பதில்லை. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அது தானே பாய்கிறது; முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. நெஞ்சிலும் அதே கதைதான். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்னும் தசை கீழே தாழ்கிறது, விலா எலும்புகள் விரிகின்றன, உள்ளே அழுத்தம் இம்மியளவு குறைகிறது. நாம் இடம் கொடுக்கிறோம், காற்று வந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிஷத்துக்கு 12 முதல் 16 மூச்சு.

உள்ளே போன காற்றின் பாதை இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி பிரிந்து, இப்படி 23 முறை கிளைத்துக் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. நுண்ணறைகள் 30 கோடிக்குக் குறையாது. அத்தனையையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட். சொந்த மனை இல்லாதவருக்கும் நெஞ்சுக்குள் அந்த ஒன்றே முக்கால் சென்ட் இருக்கிறது! அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லை. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே விடும் காற்றிலும் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. வாயோடு வாய் வைத்து ஊதி ஒரு உயிரைத் திருப்ப முடிவது அந்த மிச்சத்தால்தான். என் சித்தப்பாவை அப்படித்தான் திருப்பினார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இனி கரியமில வாயு. அதை வெறும் கழிவு என்றுதான் நானும் பல வருடம் பாடம் நடத்தினேன். அது பாதி உண்மைதான். கோலி சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று இருக்கிறதே, அது தண்ணீரில் கரைந்த கரியமில வாயு. கரைந்ததும் அது அமிலமாகிறது. ரத்தத்திலும் அப்படித்தான். உடம்பு உண்டாக்கும் கரியமில வாயுவில் சுமார் 70 சதவீதம், சிவப்பணுவுக்குள் ஒரு நொதியின் உதவியால் கண்ணிமைக்கும் நேரத்தில் கார்பானிக் அமிலமாகி, உடனே பைகார்பனேட்டாக மாறி, ரத்தத்தோடு ஓடுகிறது. நுரையீரலை அடைந்ததும் மறுபடி வாயுவாகி மூச்சில் போய்விடுகிறது. ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கவேண்டும். எவ்வளவு குறுகின வரப்பு பாருங்கள்! மூச்சு மந்தப்பட்டால் அமிலம் ஏறும், அளவுக்கு மீறி விட்டால் அமிலம் இறங்கும். சிறுநீரகமும் இந்த வரப்பைக் காக்கிறது, ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஆகும். மூச்சு சில நிமிஷத்தில் சரிசெய்துவிடும்.

இந்தக் காவலுக்கு ஆள், பிடரிக்குள் மூளைத்தண்டில் இருக்கிற முகுளம். அது முக்கியமாகப் பார்ப்பது ஆக்சிஜனை அல்ல. கரியமில வாயு ஏறுகிறதா என்பதை. 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் இதை நிரூபித்தார்கள். உங்களுக்கு முக்கால் நிமிஷத்தில் முட்டியது இந்த மணி அடித்ததால்தான். ஆக்சிஜனுக்கும் ஒரு காவல் உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு. அதன் வேலையைக் கண்டு சொன்ன ஹேமன்சுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகே அது உரக்கச் சொல்லும். கரியமில வாயு குறைந்திருக்கும்போது அதன் குரலும் அடங்கிப்போகும்.

முங்குகிற தம்பிமார் இனிமேல்தான் கவனமாகக் கேட்கவேண்டும்.

முங்குமுன் கட்டுமரத்தில் உட்கார்ந்து வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுகிறீர்கள். காற்றைச் சேர்த்து வைப்பதாக நினைப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. நிறைகுடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? அப்படி விடும்போது நீங்கள் உண்மையில் வெளியே கொட்டுவது கரியமில வாயுவை. விரல் நுனி மரத்து, தலை லேசாகிறதே, அது அதன் அடையாளம். மணியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு முங்குகிறீர்கள். அடியில் ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே இருக்கும், ஆனால் கரியமில வாயு பழைய அளவுக்கு ஏற நேரமாகும், அதனால் முட்டாது. போதாததற்கு, 10 மீட்டர் ஆழத்தில், அதாவது நம் கடல் கணக்கில் ஐந்தரை பாகத்தில், அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் இருக்கும்வரை மிஞ்சின ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் விடுகிறது, ஆக்சிஜன் சடாரென்று விழுகிறது. மேல்மட்டத்துக்குக் கைநீளத் தூரத்தில் நினைவு போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே, முங்குமுன் சாதாரணமாக மூச்சு விடுங்கள், கடைசியில் ஒரே ஒரு பெரிய மூச்சு போதும். அடியில் கிடந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே இருந்து ஆறுங்கள். தனியாக முங்கவே வேண்டாம். ஒருவர் முங்கினால் ஒருவர் மேலே நின்று பார்க்கட்டும், வந்த பிறகும் அரை நிமிஷம் கண்ணை எடுக்கவேண்டாம்.

என் சித்தப்பா அன்றைக்குத் தனியாகப் போகாததால் பிழைத்தார். பாறை ஓரத்தில் முங்கி, நிறைய நேரம் கிடந்து, மேலே வந்துகொண்டிருந்தவர் தலை வெளியே தெரியுமுன்னே துவண்டுபோனார். கூட வந்தவர்கள் முடியைப் பிடித்து மரத்தில் இழுத்துப் போட்டு ஊதினார்கள். மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “சித்தப்பா, ஒங்களுக்கு முட்டலியா?” என்று கேட்டேன். அப்போது நான் பத்தாம் வகுப்பு. அந்தப் பதில் புரிய எனக்குக் கல்லூரிவரை போகவேண்டியிருந்தது.

“இல்ல மோளே. முட்டவே இல்ல. நல்ல சொகமாட்டு இருந்து. இன்னும் ரெண்டு சிப்பி எடுக்கலாம்னுதான் நெனச்சேன்” என்றார்.