எந்த ராஸ் முதலில்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ராஸ் மீன் எத்தனை விடலாம்?" என்றுதான். ராஸ் என்பது பெரும்பாலும் பவளப் பாறைகளில் வாழும் வண்ண மீன் குடும்பம். எந்த மீனை முதலில் விடுவது என்று கேட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. இது நான் மீனைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நான்கு அடித் தொட்டி. அதில் முதலில் விட்டது ஒரு சிக்ஸ்லைன் ராஸ். விரல் நீளம்தான் இருக்கும். ஊதாவும் ஆரஞ்சும் மாறி மாறி ஓடும் உடம்பு, பச்சை வால். பாறை இடுக்கெல்லாம் புகுந்து சின்னத் தட்டைப்புழுக்களைப் பொறுக்கித் தின்னும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு ஃபேரி ராஸ் வாங்கி விட்டேன். அது நடுத்தண்ணீரில் மிதக்கும் இரையைத் தின்று வாழும் சாதுவான மீன். சிக்ஸ்லைனுக்கு அதற்குள் தொட்டி முழுவதும் சொந்தமாகிவிட்டது. புதியவனை மூலைக்கு மூலை விரட்டியது. மறுநாள் காலையில் ஃபேரி ராஸ் தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது.

ராஸ் மீன் பயந்தால் குதிக்கும். அதனால் மூடி வலைதான் முதல் செலவு. கண்ணி 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வயர் போகும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள். கண்ணாடி மூடி போட்டால் நம் ஊர் வெக்கையில் தண்ணீர் சூடாகும், அதைக் குளிர்விக்கும் சில்லருக்கு வேலை கூடும்.

சரி, வரிசைக்கு வருவோம். சாதுவானதை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில் விடுங்கள். ஃபிளாஷர், ஃபேரி ராஸ்கள் இரண்டும் முன்னால். அப்புறம் ஹாலிகோயரஸ் வகையில் யெல்லோ கோரிஸ் போன்ற அமைதியானவை. சிக்ஸ்லைன் இல்லாமல் தூங்க முடியாது என்றால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் விடுங்கள். என்னைக் கேட்டால், சின்னத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலான ராஸ்கள் பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாக மாறுபவை. ஒரே இனத்தில் இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டைதான். ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் இருந்தால் ஒத்துப்போகும். வெவ்வேறு இன ஃபேரி ஆண்களைச் சேர்ப்பதானால் நிறத்தில் ஒன்றையொன்று ஒத்திராதவையாகப் பார்த்து, ஒரே நாளில் விடுங்கள். பெண் எதிரே இருந்தால் ஆணின் நிறமும் மங்காது. ஃபிளாஷர் ஆண் துடுப்பை விரித்து நிற்பதைச் சாயங்காலத்தில் பாருங்கள். சிவந்த உடம்பில் நீலக்கோடுகள் பளிச்சென்று எரிந்து, ஒரு நொடியில் அணைந்துவிடும்.

புதிய மீனை நேரே கொட்டிவிடாதீர்கள். துளையிட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மூன்று நான்கு நாள் அதற்குள் வைத்திருங்கள். பழைய மீன் வந்து முட்டிப் பார்க்கும், முறைக்கும், பிறகு சலித்துப்போய் விலகும். ஐந்தாம் நாளும் பெட்டியையே சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஜோடி ஒத்துவராது.

படுக்கையையும் பார்க்க வேண்டும். ஃபேரி, ஃபிளாஷர் எல்லாம் பாறை இடுக்கில் சளிப்பை கட்டிக்கொண்டு தூங்கும். ஹாலிகோயரஸும் லெப்பர்ட் ராஸும் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. இரண்டு அங்குலமாவது மெல்லிய மணல் இல்லாமல் அவற்றை வாங்காதீர்கள்.

ஒரு மீனை மட்டும் கடலிலேயே விட்டுவிடச் சொல்வேன். அது கிளீனர் ராஸ். மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நம் தொட்டியில் அதற்கு ஏது அத்தனை வாடிக்கை? பெரும்பாலும் மெலிந்து செத்துவிடும். கண்ணாடியில் தெரிவது தன் உடம்பு என்று அது புரிந்துகொள்வதுபோல் நடக்கிறது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-ல் எழுதினார்கள். அப்படிப்பட்ட உயிரைப் பட்டினி போட மனம் வரவில்லை.

மாலத்தீவின் ஆழ்ந்த பவளப் பாறைகளில் ரோஜா நிறத்தில் ஒரு ஃபேரி ராஸ் இருக்கிறது. சிர்ரிலேப்ரஸ் ஃபினிஃபென்மா என்று அதற்கு அறிவியல் பெயர் வைத்தது 2022-ல்தான். அந்த ஊர் திவேகி மொழியில் ஃபினிஃபென்மா என்றால் ரோஜா. தனி இனம் என்று பெயர் பெறுவதற்கு முன்பே அது மீன் கடைகளுக்கு விற்பனைக்கு வந்துவிட்டது. கடையில் ஒரு மீனைக் காட்டினால் எங்கே, எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். உங்கள் கண்முன்னே அதற்கு இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை எடுக்காதீர்கள்.

போன மாதம் ஒரு பெண் லெப்பர்ட் ராஸ் வாங்கி வந்தேன். கடையில் இரை தின்றதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பெட்டியிலிருந்து திறந்துவிட்டதும் மணலுக்குள் போனது, மூன்று நாள் தலையே காட்டவில்லை. கிளறிப் பார்க்கக் கை துறுதுறுத்தது, கிளறவில்லை. நான்காம் நாள் மத்தியானம் புள்ளி போட்ட மூக்கு ஒன்று மணலிலிருந்து மெல்ல எழுந்தது. இப்போது தொட்டியில் இருக்கும் பெரிய ஃபேரி ராஸ் கிட்டே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. அப்புறம் தன்பாட்டுக்கு நீந்திப் போய்விட்டது.

வணக்கம்.